புறப்பட ஒரு வாசல்

என்னால் ஓர் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடத் தொடங்கிவிடும். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த இந்த இருபது வருடத்தில் ஏழு வாடகை வீடு மாறியிருக்கிறேன். ஒன்றில் தண்ணீர் சரியில்லை, ஒன்றில் மாடி வீட்டுக்காரி சரியில்லை, இன்னொன்றில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்துத்தான், தெருவில் படுப்பவர்களுக்கு வீடு அமைத்துக் கொடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

வேலையைச் சொல்வது சுலபம். ரயில் நிலையத்துக்கு எதிரிலும் பேருந்து நிலையத்திலும் வருடக்கணக்கில் படுத்துக் கிடப்பவருக்கு முதலில் ஓர் அறையைக் கொடுத்துவிட வேண்டும். குடியை விட்டுவிட்டு வா, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வா, அப்புறம் வீடு என்று பேரம் பேசக் கூடாது. சாவி முதலில், மற்றதெல்லாம் பிறகு. பிறகு என்றால் கைகழுவிவிடுவதில்லை. மாதம் இரண்டு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ரேஷன் கார்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டோடு தகராறு என்றால் நடுவில் போய்த் திட்டு வாங்க வேண்டும். வாடகையை எங்கள் டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் திருப்பதியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும், அதை யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிடுவார்கள். அதனால் பாதிப்பேரைச் சித்தூரில் குடிவைத்தோம். நான் திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவில் பேருந்தில் ஆடிக்கொண்டே இருந்தேன். சந்திரகிரி, பாகாலா கிராஸ், சித்தூர். திரும்பவும் பாகாலா கிராஸ், சந்திரகிரி. எனக்கு இது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போய்க்கொண்டே இருந்தால் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

அப்படிச் சித்தூரில் குடிவைத்தவர்களில் ஒருவர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். முன்பு சித்தூரில் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புருஷன் செத்த பிறகு கொழுந்தன்மார் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு திருப்பதிக்கு வந்தவர், திரும்பிப் போக இடமில்லாமல் ஏழு வருடம் அங்கேயே தங்கிவிட்டார்.

முதன்முதலில் பார்த்தபோது அவர் தெருவில் படுப்பவர் என்று எனக்கு அடையாளமே தெரியவில்லை. மொட்டைத்தலை, சந்தனம், மஞ்சள் புடவை, மடியில் பை. ரயிலுக்குக் காத்திருக்கும் பக்தை என்றுதான் நினைத்தேன். அதுதான் அவருடைய ஏற்பாடு. முடி கொஞ்சம் வளர்ந்ததும் மலையேறிப் போய் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குவார்.

“மொட்ட அடிச்ச பொம்பளைய எவனும் எழுப்ப மாட்டான் மேடம். வாலாட்டவும் மாட்டான். சாமி தலயாச்சே,” என்றார். “எந்த ஊருன்னு கேப்பாங்க. ஒரு நாளு வேலூரும்பேன், ஒரு நாளு ஆரணிம்பேன். சாயங்காலம் வண்டின்னு சொல்லிக்கினே ஏழு வருசம் ஓட்டிட்டேன்.”

எனக்கு அவரை அங்கேயே பிடித்துப்போய்விட்டது. ஊரையே ஏமாற்றியவர் என்றதும் ஒரு மரியாதை.

சித்தூரில் கிடைத்தது ஒரே அறைதான். பின்னால் சின்னதாகச் சமையல் மேடை, வாசலில் பொதுக்குழாய். வீட்டுக்காரர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஆள் யார், ஆம்பளை யாரும் கூட இல்லையா, மொட்டை எதற்கு என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, வாடகை டிரஸ்டிலிருந்து வரும் என்றதும் சரியென்றார்.

முதல் மாதம் அக்கா அந்த அறையில் குடியிருக்கவில்லை, அறைக்குக் காவல் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருப்பார். பை மடியிலேயே இருக்கும். குளிக்கப் போனாலும் பை கூடவே போகும். “இன்னாக்கா, இன்னும் சாயங்காலம் வண்டியா?” என்று கிண்டல் செய்வேன். சிரிப்பார், பையை மட்டும் இறக்க மாட்டார்.

நாலாம் மாதம் நான் போனபோது பை ஆணியில் தொங்கியது. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் மறுபடியும் மடிக்கு எடுத்துக்கொள்வாரோ என்று பயம். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக டீ போட்டுக் கொடுத்தார். “குந்து கண்ணு, இன்னாத்துக்கு நின்னுக்கினே இருக்கற? காலு வலிக்கப் போவுது,” என்றார். மேடம் போய்க் கண்ணு வந்துவிட்டது. நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் ஆடவில்லை. அன்று பேருந்தில் திரும்பி வரும் வழி முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம், ஏதோ எனக்கே வீடு கிடைத்ததுபோல.

தலையில் முடியும் வளர்ந்தது. நரைத்த முடி, காதுவரை. நான் மாதாமாதம் அவரைப் படமெடுத்து அறிக்கையோடு அனுப்பினேன். நிலைத்துவிட்டார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அலுவலகத்தில் பெருமையடித்துக்கொண்டேன். அந்த முடியை நான்தான் வளர்த்தேன் என்கிற நினைப்பு எனக்கு.

அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் போன் செய்தார்.

“ஏமண்டி மேடம், உங்க ஆளு பழைய வேலைக்குப் போய்ட்டாங்களே. நேத்து சொம்பு எடுத்துக்கினு வீடு வீடா நின்னு பிச்ச கேக்கறாங்க. தெருவுல எல்லாரும் பாத்தாங்க. எனக்குத்தான் அசிங்கம்.”

எனக்குச் சுருக்கென்றது. அரிசி, பருப்பு எல்லாம் வந்துகொண்டிருந்தது. எதற்குப் பிச்சை? பேசிப் பார்க்கிறேன் என்றேன். அக்காவுக்குப் போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், சனிக்கிழமை மதியம் அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால். அந்த நேரத்தில் நான் சூளூர்பேட்டையில் இன்னொருவரின் ஆஸ்பத்திரிச் சீட்டுக்காக அலைந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரு நாளைக்கு முப்பது மிஸ்டு கால் வரும். திரும்பக் கூப்பிடவில்லை.

புதன்கிழமை வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். ஞாயிறு விடியலிலிருந்து கதவு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை என்றார்.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பதி ரயில் நிலையத்தருகே சர்க்கரை நோயால் காலில் புண் வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் பட்டியலில் முதல் ஆளாகக் காத்திருந்தார். கட்டுப் போட்டுவிட்டு வந்தால் அன்று மாலையே அது மண்ணில் கிடக்கும். கால் நிலைக்க வேண்டுமென்றால் படுக்க ஒரு சுத்தமான இடம் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவருக்கு இடமில்லை, அங்கே ஓர் அறை சும்மா பூட்டிக் கிடக்கிறது. வியாழக்கிழமை முழுவதும் இதுவே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சோற்றில் கை வைத்தால் சோறு இறங்கவில்லை.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆள் சொல்லாமல் ஏழு நாள் காணாமல் போனால், அதற்குள் இரண்டு முறை நேரில் போய்ப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகுதான் அறையை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். நான் ஒரு முறைகூடப் போகவில்லை. வருடம் முழுக்கச் சித்தூர் பேருந்தில் கிடந்தவள், போயே ஆக வேண்டிய வாரத்தில் போகவில்லை. கோபம்தான் காரணம், வேறொன்றுமில்லை. என் முகத்தில் கரியைப் பூசிவிட்டாளே என்கிற கோபம். வெள்ளிக்கிழமை காலை படிவத்தில் “இரண்டு முறை நேரில் பார்த்தாயிற்று, மீண்டும் பிச்சைக்குப் போய்விட்டார்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழு நாள்கூட ஆகவில்லை, அதையும் ஏழென்று எழுதினேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றச் சொன்னேன். பெரியவரிடம் போய்த் திங்கட்கிழமை தயாராக இருங்கள் என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அன்றைக்குத்தான் அந்த வாரத்தில் முதன்முறையாக எனக்குச் சோறு இறங்கியது.

சனிக்கிழமை புதுச் சாவியை வாங்கிவரச் சித்தூர் போனேன். பேருந்தில் இடம் கிடைத்தும் பாதி வழி நின்றுகொண்டே போனேன். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது, வாசற்படியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். மழமழவென்று மொட்டைத்தலை. சந்தனம். மஞ்சள் புடவை. மடியில் பை.

மொட்டையைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பதினான்கு மாதப் படங்கள், அத்தனை அறிக்கை, எல்லாம் அந்த மழித்த தலையில் போயிற்று.

“இன்னாக்கா இது? மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? வீட்டக் குடுத்தா இருக்கத் தெரியாதா ஒனக்கு? சொம்பத் தூக்கிக்கினு தெருத்தெருவா நிக்கறியாமே! ஒனக்கு இன்னா கொற வச்சேன் நானு?” தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் எழுந்து நின்றார். பாதம் இரண்டும் வெடித்து, விரல்களில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்தபடி பேசினார்.

“பெரட்டாசி சனிக்கெழம, கண்ணு. கோவிந்தா சொல்லி அரிசி வாங்கனேன். ஒனக்குப் போன் போட்டேன், தளிகைக்கு வருவியேன்னு. நீ எடுக்கல.”



புரட்டாசி. திருப்பதியில் குடியிருந்துகொண்டு எனக்குப் புரட்டாசி மறந்துபோயிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அறிக்கை அனுப்பும் மாதங்கள்தான். சத்தியவேடு பக்கத்தில் எங்கள் ஊரில், சின்னப் பெண்ணாக நானே நாமம் போட்ட பித்தளைச் சொம்போடு நைனா பின்னால் வீடு வீடாகப் போயிருக்கிறேன். கோவிந்தா என்று வாசலில் நின்றால் அரிசி போடுவார்கள். அதைக் கொண்டுவந்து பொங்கி, தளிகை போட்டுச் சாமிக்குப் படைத்துவிட்டு மலைக்குப் புறப்பட வேண்டும். எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது, அன்றாடம் கூலி. ஆனாலும் அன்றைக்கு நைனா நின்றதற்கு யாரும் பிச்சை என்று பெயர் வைக்கவில்லை. எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதே சொம்பு, அதே நாமம். அக்கா கைக்கு வந்ததும் எனக்கு அது பிச்சைப் பாத்திரமாகிவிட்டது.

“நடந்தா போன?” என்றேன்.

“இங்கேர்ந்து நடந்துதான் போனேன். மூணு நாளு. மெட்டுப் படி வழியா மலை ஏறனேன். தரிசனத்துக்கு ரெண்டு நாளு கூட்டம். வரச்சொல்ல பஸ்ஸு.” தலையைத் தடவிக்கொண்டார். “ஏழு வருசமா எத்தினி மொட்ட அடிச்சேன்னு எனக்கே தெரியாது. அதெல்லாம் வெரட்டறவனுக்குப் பயந்துக்கினு அடிச்சது. சாமிய ஏமாத்திக்கினு இருந்தேன். வேண்டிக்கினு ஒரு மொட்ட அடிக்கணும்னா வீட்ல அடுப்பு ஏத்தணும், வீட்லேர்ந்து கெளம்பணும், வீட்டுக்குத் திரும்பி வரணும். வீடு இருந்தாத்தான அது மொட்ட?”

பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். லட்டு. பிய்த்துத் தின்னச் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“சரி, மேடம். நான் வரேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, சண்டை போடவில்லை, என் பொருளாவது கொடு என்று கேட்கவில்லை. பூட்டிய கதவு அவருக்குப் புதிதில்லை. கொழுந்தன்மார் பூட்டினார்கள், இப்போது நான் பூட்டியிருக்கிறேன். அவர் தெருவில் நாலு எட்டு வைத்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பையைப் பிடித்து இழுத்தேன். பைக்காக நாங்கள் இருவரும் நடுத்தெருவில் இழுபறி செய்ததைச் சித்தூர் ஜனம் வேடிக்கை பார்த்தது.

“தப்பு என்னுதுதாங்கா. நான் வந்து பாக்கவே இல்ல. பாத்தேன்னு பொய் எழுதிட்டேன்.” எல்லார் எதிரிலும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

வீட்டுக்காரர் சாவியோடு வந்தார். நிலைமையைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

“சொம்புல நாமம் இருந்துச்சா இல்லையா? பாத்தீங்களா?” என்று அவர்மேல் பாய்ந்தேன்.

“இருந்துச்சு மேடம். பாத்தேன். எங்க வீட்லயும் போன வாரம்தான் அரிசி வாங்கி வச்சோம்.” தலையைச் சொறிந்தார். “இவங்களுக்கு அதெல்லாம் ஒரு வேசம்னு நெனச்சிட்டேன். நீங்களும் ஒண்ணும் கேக்கலியே.”

நான் கேட்கவில்லைதான்.

கதவு திறந்தது. உள்ளே, சுவரில் மஞ்சள் பூசி நாமம் வரைந்திருந்தது. கீழே வாழை இலை காய்ந்து சுருண்டு கிடந்தது. கழுவிக் கவிழ்த்த பானைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு தூக்கு இருந்தது. திறந்தால் புளித்துப் பூஞ்சை பிடித்த சர்க்கரைப் பொங்கல். அக்கா அதை வெடுக்கென்று வாங்கி மூடினார். “ஒங்களுக்குன்னு எடுத்து வச்சது. கெட்டுப்போச்சு,” என்று கழுவப் போய்விட்டார். பழைய பூட்டை நானே மாட்டினேன். புதுப் பூட்டை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவரிடம் போய் அறை இல்லை என்று சொன்னேன். அவர் அதற்குள் துணியையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். சரி என்றார், சாக்கை அவிழ்க்கவில்லை. அந்தச் சாக்கு அப்படியே ஒன்றரை மாதம் அவர் தலைமாட்டில் கிடந்தது. பிறகு வடமாலபேட்டையில் ஓர் அறை கிடைத்தது. அதற்குள் காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த ஒன்றரை மாதமும் நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள்.

அலுவலகத்தில் பொய்க் கையெழுத்தை நானே சொன்னேன். வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன், எடுத்திருந்தால் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். இப்போது என் படிவங்களை இன்னொருவர் சரிபார்க்கிறார். நான் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். அக்காவின் தலையில் முடி மறுபடியும் காதுவரை வந்துவிட்டது, அது அவர் முடி.

அவர் அந்த அறையில்தான் இருக்கிறார். வாடகை போகிறது, ரேஷன் வருகிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். படிவத்தின்படி ஒரு குறையுமில்லை. ஆனால் பை ஆணியிலிருந்து இறங்கிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில், கட்டிய முடிச்சோடு இருக்கிறது. நான் போனால் டீ கொடுக்கிறார், உட்காருங்க மேடம் என்கிறார். கண்ணு என்று அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

எங்கே போனாலும் எனக்குப் போன் செய்கிறார். பால் வாங்கப் போனால் ஒரு போன், ரேஷனுக்குப் போனால் ஒரு போன். அவருடைய அழைப்பை நான் இப்போது விடுவதே இல்லை. நேற்றுகூடச் சந்திரகிரியில் பேருந்து நிற்கும்போது வந்தது.

“மேடம், டீக்கட வரிக்கும் போய்ட்டு வந்துடறேன். பூட்டு மாத்திடாதீங்க.”

“போய்ட்டு வாக்கா,” என்றேன். நான் அதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் படியிறங்க மாட்டார், எனக்குத் தெரியும்.